கிளிமர் என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகக் கையாள்வது எப்படி?

ஆங்கிலத்தில் வெளிச்சத்துக்கு இருக்கும் சொற்களைப் பார்த்து மிரளாதவர்கள் குறைவு. கிளோ, கிளீம், கிளின்ட், கிளிட்டர், கிளிஸன், கிளேர், ஷிம்மர், ஃபிளிக்கர், ட்விங்கிள் என்று வரிசை கட்டி வரும், அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஒளிர், மின்னு, பிரகாசி என்ற மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள், நாமும் சரி, எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று கைக்கு அகப்பட்டதை எழுதிவிடுவோம். இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிளிமர். ஜி, எல், ஐ, இரண்டு எம், இ, ஆர். இந்த ஒன்றை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகவே அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

கிளிமர் என்றால் மங்கலான, நிலையில்லாத வெளிச்சம். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இருட்டில் ரொம்பத் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது, விளக்குதானா என்று ஒரு நொடி சந்தேகம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் காணோம், அப்புறம் மறுபடி தெரிகிறது. அந்த வெளிச்சம்தான் கிளிமர். எண்ணெய் தீரப்போகும் விளக்கை 'மினுக் மினுக்கென்று எரிகிறது' என்போமே, அந்த மினுக் மினுக்குக்கு ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே இந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கிறதா? அது ஆடுகிறதா, அதாவது கூடிக் குறைந்து, தெரிந்து மறைந்து வருகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக கிளிமர் போடலாம். குறைவாக இருந்தும் ஆடவில்லையா, டிம் அல்லது ஃபெயின்ட் போதும். ஆடுகிறது, ஆனால் குறைவாக இல்லை, கண்ணைப் பறிக்கிறது என்றால் அது கிளிட்டர் பக்கம் போய்விடும். மெருகு போட்டுத் துடைத்த ஷூவை கிளிமர் ஆகிறது என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷூ கிளீம் ஆகும், ஷைன் ஆகும், கிளிமர் ஆகாது. நடுப்பகல் சூரியனும் ஆகாது. அடர்ந்த மூடுபனிக்குள் அதே சூரியன் வெளிறிப்போன ஒரு வட்டமாகத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால், அப்போது பொருந்தும்.

கிளிமரும் கிளீமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிளிமரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள், ஒருவரைக் குறிக்க டீச்சர், டிரைவர் என்று வரும் விகுதி இல்லை இது. ஒரு செயல் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் பழைய ஈறு. ஃபிளிக்கர், கிளிட்டர், ஷிம்மர், சாட்டர், பேட்டர் என்று அதே ஈறு பல இடங்களில் இருக்கிறது. நம் மொழியில் இந்த வேலையை இரட்டைக்கிளவி செய்கிறது. மினுமினு, சலசல, படபட என்று ஒன்றை இரண்டாக அடுக்கி, 'இது ஒரு தடவையோடு நிற்கவில்லை' என்று நாம் சொல்லிவிடுகிறோம், அவர்கள் வாலில் ஒரு ஈற்றை ஒட்டிச் சொல்கிறார்கள். இந்த ஒற்றுமையை நான் கவனித்த நாளிலிருந்து ஃபிளிக்கர், ஷிம்மர், கிளிமர் மூன்றையும் சேர்த்தே மனசில் வைத்துக்கொள்கிறேன், மூன்றிலும் ஓர் அசைவு இருக்கிறது, கிளோவிலும் கிளீமிலும் அது இல்லை.

ஜி, எல் என்று தொடங்கும் சொற்களில் இவ்வளவு வெளிச்சம் குவிந்திருப்பதை மொழியியலாளர்களும் கவனித்திருக்கிறார்கள். இப்படி ஓர் ஒலிக்கொத்தும் ஒரு பொருளும் சேர்ந்தே வருவதற்கு பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1930இல் ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார். அதற்காக ஜி, எல் வந்தாலே வெளிச்சம் என்று முடிவு கட்டிவிட முடியாது, குளூவும் இருக்கிறது, கிளவுஸும் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் கிளிமர் என்ற இதே சொல் மைக்காவுக்குப் பெயர், நாம் காக்காப்பொன் என்போமே, கல்லைத் திருப்பத் திருப்ப ஏடு ஏடாக மினுங்கும் அந்தக் கனிமம்.

இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துப் பார்த்துவிடலாம், அரை மணி நேரம் போதும். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு மேசைமேல் மெழுகுவர்த்தியை நிறுத்துங்கள், பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் வேண்டாம், ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு எவர்சில்வர் கரண்டியும் மட்டும் இருக்கட்டும். முதலில் சுடரைப் பாருங்கள். லேசாகக் காற்று பட்டதும் தலை சாய்கிறது, குறுகுகிறது, மறுபடி நிமிர்கிறது. இது ஃபிளிக்கர். கிண்ணத்தின் விளிம்பை விரலால் ஒரு தட்டு தட்டினால் தண்ணீரில் விழுந்திருந்த சுடரின் பிம்பம் உடைந்து நெளிந்து நெளிந்து பரவுகிறது, அது ஷிம்மர், ஒரு பரப்பின் மேல் அலையும் மென்மையான ஒளி. கரண்டியை எடுத்து மெல்லத் திருப்புங்கள், ஏதோ ஒரு கோணத்தில் அதன் விளிம்பில் ஊசி குத்தினாற்போல் ஒரு பளிச், அடுத்த நொடி இல்லை. கிளின்ட். அதே கரண்டியின் குழியில் அசையாமல் படிந்திருக்கும் பளபளப்பு கிளீம். திரியைச் சுற்றி உருகித் தேங்கி நிற்கும் மெழுகு ஈரமாக மினுங்குவது கிளிஸன், ஈரம் இருந்தால் அந்தச் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள், நனைந்த இலை, வியர்த்த நெற்றி, கண்ணீர் கோத்த கண். சுவரில் இளமஞ்சளாகப் படர்ந்திருப்பது கிளோ.

இதுவரை கிளிமர் வரவில்லை. அதைப் பார்க்க அறையை விட்டு வெளியே வர வேண்டும். கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைத்துவிட்டு, வெளியே எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், இருட்டில் நின்று திரும்பிப் பாருங்கள். மெழுகுவர்த்தி தெரியாது, மேசை தெரியாது, கதவிடுக்கில் மட்டும் ஒரு மெல்லிய வெளிச்சம், கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியாதபடி நடுங்கிக்கொண்டிருக்கும். அதுதான். வேறு எந்த விளக்கமும் இல்லாமல் அந்த ஒரு காட்சியிலேயே எனக்கு இந்தச் சொல் புரிந்தது. மெழுகுவர்த்தி அதேதான், நாம் நின்ற இடம் மாறியதும் சொல் மாறிவிட்டது. மொழிபெயர்க்கிறவர்களும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இதை மறக்கவே கூடாது, எந்தப் பொருள் ஒளி தருகிறது என்பதைவிட, பார்க்கிறவர் எங்கே இருக்கிறார், ஒளி எதன் மேல் பட்டு வருகிறது என்பதை வைத்தே இந்தச் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளே போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் திரியின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் கனன்றுகொண்டிருக்கும், அதுவும் கிளோ.

மங்கலான ஒளி இப்படி வந்து வந்து போவதற்கு நம் கண்ணும் ஒரு காரணம். விழித்திரையின் நடுப்புள்ளியில், நேராகப் பார்க்கும்போது பயன்படும் இடத்தில், மங்கிய வெளிச்சத்தை உணரும் குச்சி செல்கள் இல்லை, அதனால் ரொம்ப மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் திரும்பத் தெரியும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். கிளிமர் என்ற சொல்லில் இருக்கும் அந்த 'தெரிகிறதா, இல்லையா' என்ற தடுமாற்றம் வெறும் கவிதை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இலக்கணம் சுலபம். பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். பெயராக வரும்போது எண்ணக்கூடியது, ஆகவே ஒருமையில் முன்னால் 'எ' அல்லது 'த' போன்ற ஒன்று வேண்டும், 'எ ஃபெயின்ட் கிளிமர் ஆஃப் லைட்' என்று. வினையாக வரும்போது செயப்படுபொருள் எடுக்காது. 'லைட்ஸ் கிளிமர்ட் இன் த டிஸ்டன்ஸ்' சரி, தூரத்தில் விளக்குகள் மினுங்கின. விளக்கை யாரும் கிளிமர் செய்ய முடியாது, விளக்கு தானாகத்தான் கிளிமர் ஆக வேண்டும், தமிழில் மினுங்குவதும் அப்படித்தானே. பெயருக்கு முன்னால் ஃபெயின்ட், ஃபர்ஸ்ட், லாஸ்ட், டைனி போன்றவை இயல்பாக வந்து உட்காரும். பிக் கிளிமர், பிரைட் கிளிமர் என்று எழுதினால் படிக்கிறவர் தடுக்கி நிற்பார், சின்னதாக இருப்பதே அதன் குணம் என்னும்போது பெரிய என்ற அடைமொழிக்கு அங்கே இடம் ஏது.

உண்மையில் இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை விளக்குக்கும் நட்சத்திரத்துக்கும் பயன்படுத்துவதைவிட மனசுக்குள் நடக்கும் விஷயங்களுக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கிளிமர் ஆஃப் ஹோப்' எல்லோருக்கும் தெரிந்தது, செய்திகளில் அடிக்கடி வரும். இங்கேதான் நிறையப் பேர் அளவைத் தவறவிடுகிறார்கள். சுற்றிலும் இருட்டு, நிலைமை மோசம், அதற்கு நடுவில் ஒரு சின்ன நம்பிக்கை, அது நிலைக்குமா என்பதும் தெரியாது என்றால்தான் கிளிமர் ஆஃப் ஹோப். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது இதைப் போட்டால் 'நிலைமை அவ்வளவு மோசமா' என்று படிக்கிறவர் பதறிவிடுவார். உடல்நலம் தேறிவரும் ஒருவரைப் பற்றி, டாக்டர்களே நன்றாக இருக்கிறார் என்று சொன்ன பிறகு, விசாரிக்கிறவர்களுக்கு மின்னஞ்சலில் 'தேர் இஸ் எ கிளிமர் ஆஃப் ஹோப்' என்று எழுதினால் அந்தப் பக்கம் ஒரே கலக்கம்தான் மிஞ்சும்.

ரே ஆஃப் ஹோப் இதைவிடத் தெளிவானது, ஒரு கதிர் வெளியிலிருந்து உள்ளே வந்து விழுகிறது. ஸ்பார்க் என்றால் பற்றிக்கொள்ளப் போகிறது. ஃபிளிக்கர் என்றால் சட்டென்று வந்து போனது. கிளிமர் இவற்றில் எல்லாம் மெல்லியது, வளரவும் செய்யலாம் அணையவும் செய்யலாம், அதை ஃபர்ஸ்ட், லாஸ்ட் என்ற அடைமொழிதான் சொல்லும்.

நம்பிக்கையைத் தவிர இன்ட்ரெஸ்ட், ரெகக்னிஷன், அண்டர்ஸ்டாண்டிங், ஹியூமர், ஸ்மைல் ஆகியவற்றோடும் நன்றாகச் சேரும். கவனித்தீர்களானால் எல்லாம் நல்ல விஷயங்கள், வந்தால் மகிழக்கூடியவை. கோபம், வெறுப்பு போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் ஃபிளாஷ், ஃபிளிக்கர் என்றுதான் பெரும்பாலும் வரும். கண்ணில் குறும்போ மிரட்டலோ தெரிந்தால் கிளின்ட். எதிர்மறையிலும் கிளிமர் அருமையாக வேலை செய்யும், 'நாட் ஈவன் எ கிளிமர் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' என்றால் அந்த மினுக்குகூட இல்லை, முழு இருட்டு என்று அர்த்தம்.

இனி தமிழில் இதை எப்படிச் சொல்வது. எனக்கு ரொம்ப அக்கறை உள்ள இடம் இது. கிளிமர் ஆஃப் ஹோப் வந்த இடத்திலெல்லாம் 'நம்பிக்கையின் ஒளிக்கீற்று' என்று போட்டு நகர்ந்துவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் கீற்று என்பது கதிர், அது ரேவுக்குப் பொருத்தம், அதோடு நூறு தடவை படித்துப் படித்து அந்தத் தொடரில் ஒளியே மிச்சமில்லை. ஒளி என்ற படத்தையே விட்டுவிட்டுத் தமிழில் இயல்பாக என்ன சொல்வோம் என்று யோசித்தால் எவ்வளவோ கிடைக்கிறது. முதல் கிளிமர் என்றால் 'கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது'. வெளிச்சம் போய் செடி வந்துவிட்டது, பரவாயில்லை, சின்னது, இப்போதுதான் வந்தது, கருகவும் கூடும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. கடைசி கிளிமர் என்றால் துளிர் ஒத்துவராது, 'ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும்' என்று போகலாம். எதிர்மறைக்கு நம்மிடம் இருக்கும் 'மருந்துக்குக்கூட' என்ற சொல்லை மிஞ்ச ஆளில்லை, 'அவர் முகத்தில் மருந்துக்குக்கூட ஆர்வம் இல்லை' என்று எழுதிப் பாருங்கள், நாட் ஈவன் எ கிளிமர் அப்படியே வந்துவிடும்.

ரெகக்னிஷன் இன்னும் கஷ்டம். ஒரு மொழிபெயர்ப்பில் 'அங்கீகாரத்தின் மங்கிய ஒளி அவள் கண்களில் தோன்றியது' என்று படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாபகம் மறந்துபோன ஒரு பாட்டி, பேரன் வந்து எதிரில் உட்காருகிறான், அவன் சொல்லும் பெயர் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை, அப்புறம் அவன் சிரிக்கும்போது அவள் பார்வை ஒரு கணம் அவன் வாயோரத்தில் நிற்கிறது. அதுதான் அங்கே கிளிமர் ஆஃப் ரெகக்னிஷன். அங்கீகாரமும் இல்லை ஒளியும் இல்லை. 'எங்கேயோ பார்த்த முகம் என்பதுபோல் அவள் கண் ஒரு கணம் அவன்மேல் நின்றது' என்று எழுதினால் வாசகருக்கு அந்த மினுக்கு தானாகத் தெரியும். அதே மாதிரி அண்டர்ஸ்டாண்டிங் வந்தால் 'லேசாகப் பிடிபட ஆரம்பித்தது', 'புரிந்தும் புரியாமலும் இருந்தது' போன்றவை போதும். 'பொறி தட்டியது' வேண்டாம், அது ஒரே வெட்டில் எல்லாம் புரிவது, ஃபிளாஷ்.

நிஜ வெளிச்சத்துக்கு மினுங்கு, மினுக்கு, மினுக் மினுக்கென்று ஆகியவையே முதல் தேர்வு. ஓர் எச்சரிக்கை, மினுக்கு என்பதற்கு அலங்கரித்துக்கொண்டு பகட்டுவது என்ற பொருளும் உண்டு, 'மினுக்கிக்கொண்டு திரிகிறான்' என்போம், ஆகவே ஆட்களுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைக்கும்போது பார்த்து வையுங்கள். மினுமினுப்பு இப்போது தோல், தலைமுடி பக்கம் சாய்ந்துவிட்டது. மிளிர் ரொம்பப் பிரகாசம். மங்கிய ஒளி சரிதான், ஆனால் அதில் அசைவு இல்லை, 'மங்கலாக அலைந்த வெளிச்சம்', 'விட்டு விட்டுத் தெரிந்த வெளிச்சம்' என்று ஒரு வினையைச் சேர்த்துக்கொண்டால் முழுசாகும்.

புதிதாக ஒரு பயன்பாடும் வந்திருக்கிறது. டெப் டானா என்ற அமெரிக்க உளசிகிச்சையாளர் 2018இல் வெளியான தன் புத்தகத்தில் 'கிளிமர்ஸ்' என்று பன்மையில் ஒரு கருத்தைச் சொன்னார், டிரிகர் என்கிறோமே, பழைய காயத்தைக் கிளறி உடம்பைப் பதற வைப்பது, அதற்கு எதிர்ப்பதமாக. மனசைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்தி, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று உணர வைக்கும் சின்னச் சின்னக் கணங்கள். பின்னால் சமூக ஊடகங்களில் நிறையப் பரவியது. 'வாட் வேர் யுவர் கிளிமர்ஸ் டுடே' என்று யாராவது கேட்டால் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை, இன்று எந்தக் கணங்களில் மனசு லேசானது என்று கேட்கிறார்கள். தமிழில் நான் 'ஆறுதல் கணங்கள்' என்று எழுதிவருகிறேன். செயலிகளில் படம் வருவதற்கு முன் சாம்பல் பட்டைகள் மேல் ஒரு வெளிச்சம் ஓடுமே, அதற்குப் பெயர் ஷிம்மர், கிளிமர் இல்லை. ஒப்பனைப் பொருட்களிலும் ஷிம்மர்தான்.

குழம்பக்கூடிய இரண்டு சொற்கள் உண்டு. கிளிம்ப்ஸ் என்றால் ஒரு கணம் கண்ணில் பட்ட காட்சி, ஒருவரை நாம் கிளிம்ப்ஸ் பண்ணலாம், கிளிமர் பண்ண முடியாது. கிளாமர் நமக்கு நன்றாகப் பழகிய சொல், ஒலியில் பக்கத்தில் இருப்பதால் அதுவும் வெளிச்சக் குடும்பம் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது கிராமர், அதாவது இலக்கணம் என்ற சொல் ஸ்காட்லாந்துப் பேச்சில் திரிந்து வந்தது, படிப்பும் மந்திரமும் ஒன்று என்று ஜனங்கள் நினைத்த காலத்தில் மாயவித்தை என்ற பொருளில் புழங்கி, அப்புறம் கவர்ச்சிக்கு வந்து சேர்ந்தது.

உச்சரிப்பில் நாம் தடுமாறுவது முதல் எழுத்தில்தான். தமிழில் கிளிமர் என்று எழுதுகிறோம், அதனால் கி, ளி என்று இரண்டு அசையாகச் சொல்லிவிடுகிறோம். 'தங்கம்' என்பதில் வரும் 'க' ஒலியைப் போட்டு, நடுவில் இகரம் எதுவும் நுழையாமல் உடனே லி சொல்ல வேண்டும், நாக்கை மடிக்கும் ளி இல்லை, பல்லுக்குப் பின்னால் தொடும் லி. இரண்டு எம் இருந்தாலும் அம்மா மாதிரி அழுத்த வேண்டாம், ஒரு ம் போதும். அழுத்தம் முழுக்க முதல் அசையில். கடைசி ர் அமெரிக்கர்கள் வாயில் கேட்கும், லண்டன் பக்கத்து ஆங்கிலத்தில் கேட்காது, கிலிம என்று மெல்ல அடங்கிவிடும்.